செக்ரோலில் குடும்பம் இல்லை: நெகிரி செம்பிலான் தோட்டங்களின் போர்க்கால ஏடுகள்



ஒரு குடும்பத்தின் வரலாற்றை அரசு ஏடுகளையும் முதலாளியின் ஏடுகளையும் மட்டும் கொண்டு எழுதிவிட முடியுமா? நம் நெகிரி செம்பிலான் மாநிலத்துத் தோட்டங்களில் ஜப்பானியர் காலத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றி எண்ணும்போதெல்லாம் இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்கின்றது. சயாம் மரண ரயில் பாதையைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர், நாவல்களும் வந்துள்ளன. அங்கு நடந்த கொடுமைகளை மீண்டும் அடுக்குவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்கொடுமை நடந்தபோது ஒரு லயத்து வீட்டில் யார் யார் இருந்தனர், யார் போயினர், யார் திரும்பினர் என்பதைக் காட்டும் காகிதங்கள் எவை, அவை ஏன் இவ்வளவு குறைவு என்பதையே இங்குப் பார்க்க விழைகின்றேன்.

முதலில் போருக்கு முன்பிருந்த ஏடுகளைக் காண்போம். தோட்டத்தின் தலையாய ஏடு செக்ரோல். விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆள்கள் நிற்க, கிராணி பெயர் கூப்பிட்டுக் குறித்த வருகைப் பேரேடு அது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக மாதத்தின் நாள்கள் கட்டம் கட்டமாக நிற்கும். வேலைக்கு வந்தால் ஒரு குறி. வராவிட்டால் வெற்றிடம் அல்லது மருத்துவமனைக் குறி. மாத இறுதியில் சம்பளம், பிடித்தம், கையில் கொடுத்த தொகை. பெயர்கள் கங்காணி வாரியாக எழுதப்பட்டன. வீடு வாரியாக அன்று. ஆதலால் கணவன் ஒரு பக்கத்திலும் மனைவி வேறொரு பக்கத்திலும் இருப்பர். களை வெட்டப் போன பன்னிரண்டு வயது மகன் இன்னொரு பக்கத்தில் இருப்பான். மூவரும் ஒரே அடுப்பில் சமைத்த கஞ்சியைக் குடித்தனர் என்பதை அந்த ஏடு சொல்லாது. அது சொல்ல வேண்டிய தேவையும் முதலாளிக்கு இல்லை.

பெயர்களோ ஓயாத குழப்பம். ஒரே தோட்டத்தில் ஐந்து இராமசாமிகளும் ஏழு முனியம்மாள்களும் இருப்பது வழக்கம். மலையாளியோ யாழ்ப்பாணத் தமிழரோ ஆகிய கிராணி, தம் காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதுவார். அடுத்த ஆண்டு வேறொரு கிராணி வந்தால் அதே மனிதர் வேறு எழுத்துக்கூட்டலில் புதுப்பிறவி எடுப்பார். தந்தை பெயரை எழுதும் பழக்கம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. இன்று அரசு அலுவலகத்தில் தாத்தாவின் பெயரும் தந்தையின் பெயரும் ஒத்துப் போகவில்லை என்று அலைக்கழிக்கப்படும் நம் மக்கள், இந்தக் கிராணிமாரின் காதுகளைத்தான் நொந்துகொள்ள வேண்டும்!

செக்ரோலுக்கு அப்பால் வேறு சில ஏடுகளும் உண்டு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். அதனால் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு பிறந்தது. பிரசவப் படி கொடுத்ததற்குக் கணக்கு வேண்டும். அதனால் பிறப்பு விவரம் ஓரளவு தோட்டத்து ஏட்டில் ஏறியது. தோட்டத்து மருத்துவமனையில் டிரஸ்ஸர் வைத்திருந்த நோயாளர் ஏடு, மலேரியாவும் கொக்கிப்புழுவும் பிள்ளைகளை எப்படி வாட்டின என்று காட்டும். அதற்கும் முன்னதாக, நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த குடியேற்ற முகாம்கள், கப்பல் ஏறியவர்களின் ஊர், சாதி, வயது ஆகியவற்றை எழுதிக்கொண்டன. இந்திய அரசின் முகவர் ஒருவர் கோலாலம்பூரில் அமர்ந்து ஆண்டறிக்கை எழுதி அனுப்பினார். 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வந்தவர் குறைவு. எனவே 1941-இல் லயங்களில் இருந்தோர் பெரும்பாலும் வேரூன்றத் தொடங்கிய குடும்பங்கள் என்று கொள்ளலாம்.

இந்த ஏடுகளெல்லாம் ஒரே மாதத்தில் நின்றன.

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கிற்று. அடுத்த மாதம் 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஜனவரி 14-இல் கெமாஸுக்கு அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கித் தாக்கிப் பெருஞ்சேதம் விளைத்தும், படையெடுப்பு நிற்கவில்லை. அந்நடு மாதத்திலேயே நம் மாநிலம் ஜப்பானியர் கைக்கு வந்துவிட்டது. துரைமார் சிங்கப்பூரை நோக்கி ஓடினர். பின்வாங்கும்போது பகைவனுக்கு எதுவும் பயன்படக் கூடாது என்னும் கொள்கையால் பல தோட்டங்களில் இரப்பர் இருப்பும் புகைக்கூடமும் எரிக்கப்பட்டன. அலுவலகத் தாள்களும் அந்தத் தீயில் போயின. எஞ்சியவற்றைப் பின்னாளில் காகிதப் பஞ்சம் தின்றது.

மேலே நான் குறிப்பிட்ட குடும்பங்களில் பல, கடலால் இரண்டாகப் பிளந்து கிடந்தன என்பதையும் மறக்கலாகாது. கணவன் ரந்தாவிலோ லாபுவிலோ பால் வெட்ட, மனைவியும் மூத்த பிள்ளையும் சேலத்திலோ திருச்சியிலோ இருந்த குடும்பங்கள் ஏராளம். 'ரஜூலா' போன்ற கப்பல்கள் அவர்களுக்குப் பாலமாக இருந்தன. போர் மூண்டதும் கப்பலும் நின்றது, அஞ்சலும் நின்றது, மாதந்தோறும் போய்க்கொண்டிருந்த மணியார்டரும் நின்றது. ஊரில் இருந்தவள் தன் கணவன் உயிரோடு உள்ளானா என்று மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் அறியாதிருந்தாள். தோட்டத்தில் இருந்தவனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி ஆசிரியரோ கிராணியோதான் அவனுக்காகக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதங்களின் இன்னொரு பாதி தமிழ்நாட்டுக் கிராமங்களின் கூரைச் சொருகில் இருந்து மக்கிப் போயிருக்கும்.

ஜப்பானிய ஆட்சியில் புதிய ஏடுகள் தோன்றாமல் இல்லை. ஆனால் அவற்றின் காலமே வேறு. 1942-ஆம் ஆண்டு 2602 ஆனது. அதாவது ஜப்பானியப் பேரரசின் கணக்கு. சில தாள்களில் அரசரின் ஆட்சியாண்டைக் கொண்டு 'ஷோவா 17' என்றிருக்கும். கடிகாரமும் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னே தள்ளப்பட்டது. மரம் மட்டும் தன் பழைய விடியலில்தான் பால் சுரந்தது! ஆனால் அந்தப் பாலை வாங்க ஆளில்லை. ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகள் அடைபட்டதால் இரப்பர் விலையற்றுப் போனது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி சுருங்கியது. பால்மரத்தை வெட்டி வீழ்த்திய நிலத்தில் மரவள்ளிக்கிழங்கு நட்டனர். துணியின்றிக் கோணிச் சாக்கை உடுத்தினர். வாழைமரம் அச்சிட்ட நோட்டு நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. வேலையற்ற, பசித்த, கணக்கில் வராத மக்கள் ஆயிரக்கணக்கில் லயங்களில் இருந்தனர். இரயில் பாதை போட ஆள் தேடியவர்களுக்கு இதைவிட எளிய இடம் கிடைத்திருக்காது.

சயாமின் பான் போங் பகுதியிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் பாதை 1942 ஜூன் முதல் 1943 அக்டோபர் வரை அமைக்கப்பட்டது. மலாயாத் தொழிலாளர்களைப் பெருந்தொகையாக அனுப்பியது 1943-இல். தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கேட்டனர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு என்று சொல்லப்பட்டது. முதலில் சிலர் விரும்பியே போயினர். மூன்று மாதம் கழிந்து யாரும் திரும்பாததைக் கண்டபின் எவரும் போக விரும்பவில்லை. பிறகு பிடித்துச் சென்றனர். இலவசப் படக்காட்சி என்று கூட்டி, கதவை அடைத்து வண்டியேற்றிய செய்திகளும் உண்டு. மூடிய சரக்கு வண்டிகளில் நான்கைந்து நாள் பயணம்; அதன்பின் காட்டில் நடை. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி முகாம் முகாமாகத் துடைத்துச் சென்றது.

இன்னொரு செய்தி நம் மாநிலத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற இரயில் பாதையை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். கிழக்குக் கரைப் பாதையின் ஒரு பகுதித் தண்டவாளமும் அவ்வாறே போயிற்று. மனிதரும் இரும்பும் ஒரே திசையில் போயினர் என்று சொல்லலாம்.

போருக்குப் பின் தொகுக்கப்பட்ட கணக்குப்படி, மலாயாவிலிருந்து சென்றோர் ஏறத்தாழ 78,000 பேர். அவர்களுள் பெரும்பான்மையோர் தோட்டத் தமிழர். பதிவான இறப்பு ஏறத்தாழ 30,000. முகாமைவிட்டு ஓடியவர்களாகக் கணக்கில் காட்டப்பட்ட பல்லாயிரவரில் காட்டிலேயே மடிந்தவர் பலர் என்று ஆய்வாளர்கள் கருதுவதால், உண்மை எண் இதனினும் மிகுதி. இப்போது எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். அதே பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஜப்பானியரே அவர்களுக்குத் தனித்தனி அட்டை எழுதி வைத்தனர். போர்க்கைதி அட்டைகள் 50,000-க்கு மேல் இன்று பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பெயர், பதவி, பிறந்த நாள், பெற்றோர் பெயர், பிடிபட்ட இடம் எல்லாம் அதில் உண்டு. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் 6,982 பேர் வரிசை வரிசையாக உறங்குகின்றனர். நம்மவர்க்கு அட்டை இல்லை. ஆகவே கல்லும் இல்லை. காஞ்சனபுரியின் வாட் தாவோர்ன் வளாகத்தில் ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. 2023-இல் அங்கே தமிழர் முயற்சியால் நடுகல் ஒன்று எழுந்தது. அதில் பொறிக்கப் பெயர்ப்பட்டியல் ஏது?

போர்க்காலக் குடும்ப வாழ்வை ஏட்டில் காப்பது இயலாத செயலன்று என்பதற்கு ஐரோப்பாவில் ஒரு சான்று உண்டு. போலந்தின் வார்சா நகரை நாஜிகள் சுவர் எழுப்பி இரண்டாகப் பிளந்து, 1940 நவம்பரில் யூதர்களை உள்ளே அடைத்தனர். அங்கே எம்மானுவேல் ரிங்கெல்புளூம் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு மறைவான குழுவை அமைத்தார். அரசியல் தாள்களை மட்டுமா சேர்த்தார்கள்? உணவுப் பங்கீட்டுச் சீட்டு, டிராம் வண்டிச் சீட்டு, மிட்டாய்க் காகிதம், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, குடும்பங்களின் பசிக் கணக்கு ஆகிய அனைத்தையும் சேர்த்தனர். அவற்றைத் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் இட்டு மண்ணுக்கடியில் புதைத்தனர். ஒரு பகுதி 1946 செப்டம்பரிலும் மற்றொரு பகுதி 1950 டிசம்பரிலும் தோண்டி எடுக்கப்பட்டன. ஏறத்தாழ 35,000 பக்கங்கள். ரிங்கெல்புளூம் 1944-இல் கொல்லப்பட்டார். 1999-இல் யுனெஸ்கோ அந்த ஆவணத் தொகுப்பை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

அவர்களிடம் எழுத்தறிவு இருந்தது. எழுதியே தீர வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. நம் லயங்களில் பாலைச் சுமக்கும் வாளிகள் நிறைய இருந்தன. உள்ளே போட்டுப் புதைக்கத்தான் தாள் இல்லை. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. நான்காம் வகுப்போடு பிள்ளையைக் களை வெட்ட அனுப்பிய ஓர் அமைப்பு, தன் கதையைத் தானே எழுதத் தெரியாத மக்களைத்தான் உருவாக்கும்.

வார்சா வரை போவானேன்? நம் மாநிலத்திலேயே, பகாவ் வட்டாரத்தில், 1943 இறுதியில் சிங்கப்பூரிலிருந்து யூரேசியரையும் சீனக் கத்தோலிக்கரையும் கொண்டுவந்து ஜப்பானியர் ஒரு குடியேற்றம் அமைத்தனர். ஆயர் அட்ரியன் டெவால்ஸ் அவர்களோடு வந்தார். 1945 ஜனவரியில் அங்கேயே இறந்தார். மலேரியாவால் பலர் மாண்டனர். உயிர் மீண்டவர்கள் சிங்கப்பூருக்குத் திரும்பினர். அவர்களுடைய நினைவுகளைச் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் ஒலிநாடாவில் பதிந்து வைத்தது. என்ன சமைத்தார்கள், குழந்தையை எங்கே புதைத்தார்கள் என்பதெல்லாம் இன்று கேட்கக் கிடைக்கின்றன. அதே பகாவைச் சுற்றியிருந்த தோட்டங்களில் அதே கொசுக்கடியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களின் குரலை அப்படி முறையாகப் பதிவு செய்தோர் மிகக் குறைவு. முதியோர் உயிரோடு இருந்த எண்பதுகளிலாவது நாம் விழித்திருக்கலாம்.

ஒரே லயத்திலிருந்து இரண்டு இளைஞர் புறப்பட்ட கதைகளை முதியோரிடம் கேட்டிருக்கின்றேன். ஒருவர் சயாமுக்கு அனுப்பப்படாமல் தப்பிக்கவும், நாட்டுப்பற்றினாலும், சிரம்பானில் இந்தியச் சுதந்திரச் சங்கத்தை நாடி நேதாஜியின் படையில் சேர்ந்தார். மற்றவர் சயாமுக்குப் போனார். முன்னவர்க்குப் படை எண் இருந்தது, படம் இருந்தது, பிற்காலத்தில் சிலருக்கு இந்திய அரசின் ஓய்வூதியமும் வந்தது. பின்னவருக்கு ஒன்றும் இல்லை.

இனி நான் அதிகம் நம்பும் ஏட்டுக்கு வருகின்றேன். அது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. எங்கள் வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பழைய பதிவேடுகளைப் புரட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்துள்ளது. பூச்சி அரித்த நீள ஏடு. வரிசை எண், பெயர், தந்தை அல்லது பாதுகாவலர், பிறந்த நாள், சேர்ந்த நாள், நீங்கிய நாள், காரணம். 1941 இறுதியோடு மை மாறும். ஜப்பானியர் காலத்தில் சில பள்ளிகள் திறந்து நிப்போங்கோ கற்பித்தன. சுதந்திரச் சங்கப் பள்ளிகள் இந்துஸ்தானி கற்பித்தன. பல பள்ளிகள் மூடியே கிடந்தன. 1946 முதல் மீண்டும் ஒழுங்கான கையெழுத்து வருகின்றது. முதலாம் வகுப்பில் பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள்! பிறந்த நாள் கட்டத்தில் வெறும் ஆண்டு மட்டும். அதுவும் ஆசிரியர் பிள்ளையின் பல்லையும் உயரத்தையும் பார்த்துப் போட்ட ஆண்டாக இருக்கும். பாதுகாவலர் கட்டத்தில்தான் எல்லாம் இருக்கின்றது. தந்தை பெயருக்குப் பதில் தாயின் பெயர், தாத்தாவின் பெயர், சிற்றப்பன் என்ற குறிப்பு, சில இடங்களில் பிள்ளையின் முன்னெழுத்தோடு பொருந்தாத ஓர் ஆணின் பெயர்.

அந்தப் பொருந்தாத பெயரை இக்காலத்தார் வேறுவிதமாகப் படித்துவிடக் கூடாது. கணவன் சயாமுக்குப் போய் ஈராண்டு செய்தியில்லை, கையில் மூன்று குழந்தைகள், அரிசி இல்லை. அவளை இன்னொருவர் தம் வீட்டில் சேர்த்துக்கொண்டார். போர் முடிந்து முதல் கணவன் எலும்புந்தோலுமாகத் திரும்பி வந்து லயத்து வாசலில் நின்ற கதைகளும் உண்டு. பஞ்சாயத்து கூடிப் பேசித் தீர்த்தனர். திருமணமே பெரும்பாலும் பதிவு செய்யப்படாத காலம் அது. முஸ்லிமல்லாதார் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய 1976-ஆம் ஆண்டுச் சட்டம் 1982-இல்தான் நடப்புக்கு வந்தது. ஆகவே அந்தக் குடும்பங்கள் உடைந்ததற்கும் ஒட்டியதற்கும் நீதிமன்ற ஏடு கிடையாது. பள்ளிக்கூடத்து ஏட்டின் ஒரு கட்டம் மட்டுமே சாட்சி.

மக்கள்தொகைக் கணக்கும் தன் மொழியில் பேசுகின்றது. 1931-இல் சிங்கப்பூர் உள்ளிட்ட மலாயாவில் இந்தியர் ஏறத்தாழ 6,20,000; 1947-இல் ஏறத்தாழ 6,00,000. மற்ற இனத்தார் பெருகியிருக்க நாம் மட்டும் குறைந்தோம். சிலர் இக்குறைவு முழுவதையும் சயாமின் கணக்கில் எழுதிவிடுகின்றனர், அது சரியன்று. முப்பதுகளின் தொடக்கத்தில் இரப்பர் விலை வீழ்ந்தபோது ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினர். 1938 தடையும் உண்டு. உண்மையை மிகைப்படுத்தினால் கேட்பவர் நம்பாமல் போவர்.

போருக்குப் பின்னும் ஏடுகளுக்கு அமைதி இல்லை. 1948-இல் அவசரகாலம் வந்தது. அடையாள அட்டையும் அப்போதுதான் வந்தது. தோட்ட மக்களை முள்வேலிக்குள் ஒன்றுசேர்த்தபோது பழைய லயங்கள் கைவிடப்பட்டன. ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. புதிதாக வாங்கியவருக்குப் பழைய செக்ரோல் எதற்கு? அடுப்பெரிக்கப் பயன்பட்டது. 1957-இல் குடியுரிமை வந்தபோது பிறந்த இடத்துக்கும் வாழ்ந்த காலத்துக்கும் சான்று கேட்டார்கள். போர்க்காலத்தில் பிறந்த பிள்ளையின் பிறப்பை, சோற்றுக்கே வழியில்லாத தாய், பல கல் தொலைவு நடந்து காவல் நிலையத்தில் பதிந்திருப்பாளா? அப்படிப் பதியாத பிள்ளைகள் பலர் சிவப்பு அட்டையோடு முதுமை எய்தினர். அவர்களுடைய பிள்ளைகளும் அல்லற்பட்டனர். 2011-இல் நடந்த 'மைடஃப்தார்' பதிவு இயக்கத்தில் வரிசையில் நின்ற முதியோரை நினைத்துப் பாருங்கள்.

1967-இல் ஜப்பான் மலேசியாவுக்கு 2.5 கோடி வெள்ளி மதிப்பில் இரண்டு கப்பல்கள் கொடுத்து 'இரத்தக் கடன்' கணக்கை முடித்துக்கொண்டது. சயாமுக்குப் போனவரின் விதவைக்கு அதில் ஒரு காசும் தனியே வரவில்லை. யாருக்குக் கொடுப்பது என்று கேட்டால் நீட்டுவதற்குப் பட்டியலும் இல்லை.

இனி வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பாட்டியின் தகரப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பழைய தாளில் 2602, 2603, 2604, 2605 என்று ஆண்டு இருந்தால் அச்சுப்பிழை என்று வீசிவிடாதீர்கள். அதிலிருந்து 660-ஐக் கழித்தால் நம் ஆண்டு வரும். ஷோவா என்றிருந்தால் அந்த எண்ணோடு 1925-ஐக் கூட்டுங்கள். ஆங்கிலத்தில் எழுதிய பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். அப்போதுதான் கிராணி காதில் விழுந்த பெயர் உங்களுக்கும் கேட்கும். செக்ரோல் தாள் கிடைத்தால் கங்காணியின் பெயரை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உறவினரும் ஒரே ஊராரும் பெரும்பாலும் ஒரே கங்காணியின் கீழ் இருந்தனர். நிழற்படத்தின் பின்புறத்தையும் பாருங்கள். உங்கள் தோட்டத்துப் பள்ளி இடம் மாறியிருந்தால், பழைய சேர்க்கைப் பதிவேடு புதுக் கட்டடத்துக்கு வந்ததா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். வந்திருந்தால் 1946, 1947 பக்கங்களைப் படியெடுத்து வையுங்கள். பாதுகாவலர் கட்டம் விடுபடாமல்.